இல்லாத ஆளுக்கு ஓர் இரங்கல் கூட்டம்

"ஐயோ… அம்மா…!"

மேடைக்குப் பின்னாலிருந்து அலறல்!

மைக்கில் வரவேற்புரை வாசித்துக்கொண்டிருந்தவர் வெலவெலத்து நிறுத்தினார்.

கூட்டம் கைதட்டியது.

மாறுவேடப் போட்டி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள், பாவம்…

திருவையாறு. காவிரியை ஒட்டிய கல்யாண மண்டபம். வாசலில் வாழைமரம். உள்ளே கட்சிக் கொடி மாதிரி இரண்டு நிறத்தில் காகிதத் தோரணம். துணி பேனரில், 'மாயக்கதைச் சக்கரவர்த்தி ஏழுகடலான் வாசகர் மன்ற மாநாடு'.

சக்கரவர்த்தி மேடையில் உட்கார்ந்து, மாலை உறுத்திய கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்.

சொந்தப் பெயர் இளையபெருமாள். ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. வாரப் பத்திரிகையில் பூதமும் வேதாளமுமாக எழுதி எழுதிக் கை மரத்துப்போன மனிதர். மாநாடு என்றாலே அவருக்கு அலுப்பு. எல்லா ஊரிலும் அதே சந்தன மாலை, அதே கேள்வி.

அன்று காலையில்கூட ஒரத்தநாட்டு டீச்சர் செவ்வந்தி அவரை வாசலிலேயே மடக்கினாள்.

"சார், உங்க வேதாளத்துக்கு மொத பாகத்துல மூணு பல்லு. ரெண்டாம் பாகத்துல நாலு. எதை நம்பறது?"

"நடுவுல ஒண்ணு முளைச்சிருக்கும்மா."

"வேதாளத்துக்குப் பல்லு முளைக்காதுன்னு நீங்களே மொத பாகத்துல எழுதியிருக்கீங்க சார்!"

அந்த மாதிரி வாசகர்கள்!

அலறல் கேட்டதும் இளையபெருமாள் எழுந்து போய்த் திரையை விலக்கினார்.

தரையில் ஒரு பூதம் கிடந்தது.

அட்டையில் செய்த எருமைத்தலை கழன்று உருண்டிருந்தது. கீழே நீலச் சாயம் பூசிய மனித முகம். வாயோரம் நுரை. விழிகள் விட்டத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டன.

பக்கத்தில், கையில் தூரிகையோடு யூனுஸ். அலறியவர் அவர்தான்.

யூனுஸ் ஓவியர். பத்திரிகையில் இளையபெருமாள் எழுதும் பூதங்களுக்கெல்லாம் முகம் கொடுப்பவர். இன்றைக்கு மாறுவேடக்காரர்களுக்குச் சாயம் பூசவும் அவர்தான்.

"பெருமாளு… உக்காந்தபடியே தூங்கறான்னு நெனைச்சு எருமைத்தலை மீசைக்கு மை தடவிக்கிட்டிருந்தேன்யா… தலை தொபுக்குனு சாயுது…!"

"மூச்சு இருக்கா பாய்?"

"இருந்தா நான் ஏன்யா கத்தறேன்?"

*

இன்ஸ்பெக்டர் ஜெக்கரியா ஜீப்பிலிருந்து இறங்கினார். ஒல்லியான ஆள். தூக்கம் போதாத கண்கள். பிணத்தின் வாயருகே குனிந்து மோந்து பார்த்தார்.

"பூச்சிமருந்து. வயலுக்கு அடிக்கிறதை வாயில அடிச்சிருக்கான் எவனோ. யாரும் மண்டபத்தை விட்டு வெளிய போகக் கூடாது… யாருய்யா இந்த ஆளு?"

ஒரு மந்திரவாதியும் இரண்டு வேதாளங்களும் பாதி உடம்பு மீனாக இருந்த ஒருவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் தெரியவில்லை.

"நான் சொல்றேன் இன்ஸ்பெக்டர்."

கூட்டம் வழிவிட்டது.

மிராசுதார் பஞ்சநதம்!

மாநாட்டுத் தலைவர். வாசகர் மன்றத்துக்கும் அவரே நிரந்தரத் தலைவர். மடிப்புக் கலையாத வேட்டி. முகத்தில் அளவான துக்கம்.

"இவன் பேரு மருதையன். குடவாசல் பக்கம். நம்மகிட்ட நெலம் கிரயம் வாங்கிப் பயிர் வெச்சிருந்தான். நல்ல மனுஷன்."

"சொந்தபந்தம்?"

"யாருமில்ல. நடவு வயல்ல பொண்டாட்டியப் பாம்பு கடிச்சிட்டுது. அன்னிலேருந்து சாப்பிட உக்காந்தா, அவளுக்குன்னு ஒரு பிடி சோத்தை இலையோரமா ஒதுக்கி வைப்பான். அப்படியே காலத்தை ஓட்டிட்டான்…"

பஞ்சநதத்தின் குரல் தழுதழுத்தது. மீன் வேடக்காரன் துடுப்பால் கண்ணைத் துடைத்தான்.

இளையபெருமாள் மட்டும் திரும்பிப் பிணத்தின் முகத்தைப் பார்த்தார்.

மருதையனா…?

மருதையன் செத்திருக்க முடியாது.

ஏனென்றால், மருதையன் என்று ஓர் ஆளே இந்த உலகத்தில் கிடையாது. அவனை உண்டாக்கியவரே இளையபெருமாள்தான்!

*

சில வருஷத்துக்கு முந்தைய சங்கதி அது.

நில உச்சவரம்பு முப்பது ஏக்கரிலிருந்து பதினைந்தாகக் குறைந்த நேரம். தஞ்சாவூர் ஜில்லா முழுக்க மிராசுதார்களுக்குத் தூக்கம் போயிற்று. மச்சான் பெயரில் எழுதினார்கள். மாமியார் பெயரில் எழுதினார்கள். சமையல்காரர் பெயரிலும் சாமி பெயரிலும்கூட எழுதினார்கள்.

பஞ்சநதம் ஒரு படி மேலே போனார்.

"உசுரோட இருக்கறவன் பேர்ல எழுதினா நாளைக்கு நெலம் என்னுதும்பான்டா. இல்லாதவன் பேர்ல எழுதிட்டா வம்பே இல்ல. ஆனா வெறும் பேரு போதாது. ஆபீசர் குடைவான். பொறந்த ஊரு, பொண்டாட்டி, பழக்கவழக்கம் எல்லாம் வேணும். நீதான் கதைக்காரன் ஆச்சே! எனக்கு ஒரு ஆளைச் செஞ்சு குடு."

சிநேகிதத்துக்காக இளையபெருமாள் செய்தார். ஒரே மத்தியானத்தில், வெற்றிலை போட்டுக்கொண்டே.

பஞ்சநதம் பள்ளிக்கூடத்து சிநேகிதன். அவன் வீட்டுப் புத்தகங்களை மாட்டுக்கொட்டகைப் பக்கம் உட்கார்ந்து படித்துத்தான் இளையபெருமாள் கதைக்காரர் ஆனார். அவர் அப்பாவோ அதே வீட்டு நிலத்தில் நாற்றுப் பறித்தே முதுகு வளைந்தவர். அந்த நிலத்தைச் சர்க்கார் எடுத்திருந்தால், அப்பா மாதிரி ஆட்களுக்குத்தான் போயிருக்கும்.

அந்த மத்தியானம் அது அவருக்கு உறைக்கவில்லை. பிறகு உறைத்தது. பிறகு உறைத்து என்ன?

"ஐயா! இங்க பாருங்க!"

திரைக்குப் பின்னால் கான்ஸ்டபிள் கத்தியதும் இளையபெருமாள் நினைவு கலைந்து திரும்பினார். யூனுஸின் சாயப் பெட்டி. சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே ஒரு கறுப்பு பாட்டில். மூடியைத் திறந்ததும் நெடி மூக்கைப் பொத்தவைத்தது.

"பாய்… இது என்ன கலரு?" என்றார் ஜெக்கரியா.

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க!"

ஒரு வேதாளம் முன்னால் வந்தது.

"ஐயா, ஓவியரு காலையில இந்த ஆளைப் பாத்து 'அசைஞ்சே… கொன்னுடுவேன்'னு கத்தினாருங்க. என் காதால கேட்டேன்."

"அட கூறுகெட்டவனே! சாயம் பூசறப்ப ஆடினா எல்லாரையும் அப்படித்தான் சொல்லுவேன். உன்னையும் சொன்னேனா இல்லையா?"

"என்னையும் சொன்னாருங்க." வேதாளம் ஒப்புக்கொண்டது. "ஆனா நான் சாகலைங்களே!"

ஜெக்கரியா பெருமூச்சு விட்டார்.

"வாங்க பாய். அந்தச் சமையல்கட்டுல கொஞ்சம் உக்காருவோம்."

*

காய்கறி மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல். அதில் யூனுஸ். கதவருகே கான்ஸ்டபிள்.

"பெருமாளு, வீட்டுல ஹலீமாகிட்ட ஒண்ணும் சொல்லிடாதே. ரத்தக் கொதிப்புக்காரி."

"எல்லாம் சரியாயிடும் பாய்."

"எப்படிச் சரியாவும்? பாட்டில் என் பெட்டியில. கொன்னுடுவேன்னு கத்தினது நான். செத்தவன் என் தூரிகைக்கு அடியில. நானே ஜட்ஜா இருந்தாலும் எனக்குத் தூக்குதான் குடுப்பேன்."

"விளையாடாதே."

"இத்தனை வருஷமா உன் பூதத்துக்கெல்லாம் யாரு மூஞ்சியைப் போட்டேன் தெரியுமா? ரேஷன் கடைக்காரன், என் மாமனார், கரண்ட் ஆபீஸ் கிளார்க்கு… ஒருத்தனுக்கும் கெடுதல் பண்ணல. மூஞ்சியை மட்டுந்தான் எடுத்தேன்." யூனுஸ் சிரிக்கப் பார்த்தார். உதடு கோணியது. "யாருய்யா அந்த மருதையன்? நான் கேள்விப்பட்டதே இல்லையே?"

இளையபெருமாளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சொன்னால் யூனுஸ் பிழைப்பார். சொன்னால் பஞ்சநதத்தின் மோசடி வெளியே வரும். அதற்குத் துணைபோன இளையபெருமாளும் உள்ளே போக வேண்டும்.

சொல்லாவிட்டால்…?

சொல்லாவிட்டால் யூனுஸ் கழுத்தில் கயிறு!

அவர் எழுந்து பஞ்சநதத்தைத் தேடிப் போனார்.

*

மண்டபத்துக்குப் பின்னால் படித்துறை. காவிரியில் கணுக்கால் அளவுத் தண்ணீர். பஞ்சநதம் படியில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அது யாரு பஞ்சு?"

தனியாக இருக்கும்போது நீ, வா, போ. நாலு பேர் முன்னால் 'ஐயா'. பள்ளிக்கூடத்து நாளிலிருந்து அப்படித்தான் பழக்கம்.

"அய்யாவு. நாகப்பட்டினம் பக்கம், கடக்கரைக்காரன். கடலுக்குப் போகப் பயந்துக்கிட்டு நாடகத்துல சேந்தவன்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "நெலச் சீர்திருத்த ஆபீசர், மருதையனை நேர்ல காட்டுன்னுட்டான். நான் எங்கடா போறது? இவனைப் புடிச்சு, நீ சொன்ன கதை பூராத்தையும் மனப்பாடம் பண்ண வெச்சு நிறுத்தினேன். என்னமா நடிச்சான் தெரியுமா? பொண்டாட்டி செத்ததைச் சொன்னப்ப ஆபீசரே மூக்கை உறிஞ்சினான்!"

"அப்புறம்?"

"வேஷத்தைக் கழட்ட மாட்டேனுட்டான்டா! 'ஆபீசர் முன்னாடி நான்தான் மருதையன்னு ஆயிட்டுது, நெலம் என் பேர்ல இருக்கு, நானே பயிர் வெச்சுக்கறேன்'ங்கறான். வரப்புல நின்னுக்கிட்டு என் ஆளுங்களையே வேலை ஏவறான்!"

"அதுக்காகக் கொன்னுட்டே."

"மெதுவாப் பேசு. மாநாட்டுக்கு வா, பூத வேஷம் போடு, பரிசு உனக்குத்தான்னேன். வேஷம்னதும் ஓடி வந்தான். காபியில கலந்து குடுத்தேன். மருதையனா செத்துட்டான்னா வாரிசு இல்லாத சொத்து. நான் பாத்துக்குவேன்."

இளையபெருமாள் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார்.

"யூனுஸ் உனக்கு என்ன பண்ணினான்?"

"ஒண்ணும் பண்ணல. பெட்டி திறந்து கெடந்துது."

அவ்வளவுதான் பதில்!

"நான் இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிட்டேன்னா?"

"சொல்லேன். மருதையனைச் செஞ்சது யாருன்னு கேப்பான். ரெண்டு பேரும் ஒரே ஜீப்புல போவோம். கொலையை நான் ஒத்துக்கவா போறேன்? சாட்சி யாரு, இந்தக் காவேரியா?" பஞ்சநதம் அவர் தோளில் கை வைத்தார். "மடையா… உன் மொத வாசகன் நான்டா. ஊரே உன்னைக் கூலிக்காரன் மவன்னு பாத்தப்ப, கதைக்காரன்னு சொன்னவன் நான். வாராவாரம் பத்திரிகை வந்ததும் யாரு போன் பண்றா?"

பஞ்சநதம்தான்.

ஒரு வாரம் தப்பாது. 'பிரமாதம்டா!' என்று ஒரே ஒரு வார்த்தை. எழுத்தே வேண்டாம் என்று கை சோர்ந்த நாட்களில் இளையபெருமாளை மறுபடி மேஜைக்கு முன்னால் உட்கார வைத்தது அந்த வார்த்தைதான்.

அவர் நிமிர்ந்தார். எதையோ யோசித்தார்.

"பஞ்சு… போன வருஷம் வந்துதே, 'கருங்குதிரைத் தீவு'. படிச்சியா?"

"இதென்ன கேள்வி? எழுத்து விடாம! அந்த ராஜகுமாரி குதிரை ஏறிப் போற எடம் இருக்கே… பிரமாதம்டா!"

இளையபெருமாள் காவிரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'கருங்குதிரைத் தீவு' தொடரில் ராஜகுமாரியே கிடையாது!

படியிலிருந்து எழுந்தார்.

"சரி பஞ்சு. நான் வாயைத் திறக்கல."

"அதானே பாத்தேன்!"

"ஆனா அந்த இன்ஸ்பெக்டர் லேசுப்பட்ட ஆளாத் தெரியல. மருதையன் யாரு எவருன்னு தோண்டுவான். அதுக்கு முன்னாடி நீ முந்திக்க. மாநாட்டுல ஒரு இரங்கல் தீர்மானம் போடுவோம். நீயே மைக்குல அவன் கதையைச் சொல்லு. அத்தனை பேர் கேட்டு அழுதுட்டா, அப்புறம் மருதையன் இல்லைன்னு எவன் சொல்லுவான்?"

பஞ்சநதத்தின் கண்கள் பளபளத்தன. மைக் என்றால் அவருக்கு உயிர்.

"கதைக்காரன் கதைக்காரன்தான்டா!"

*

மண்டபம் நிறைந்திருந்தது. வெளியே போகக் கூடாது என்ற உத்தரவால் ஒருவரும் நகரவில்லை. சாம்பார் சாதம் முடிந்திருந்தது. யாராவது எதையாவது பேசினால் தேவலை என்ற நிலைமை.

இளையபெருமாள் மைக்கைப் பிடித்தார். இரண்டே வாக்கியம்.

"நம்ம மாநாட்டுல உயிர்விட்ட மருதையனுக்கு இரங்கல் தீர்மானம் கொண்டுவரேன். அவரோட வாழ்க்கையைத் தலைவர் ஐயா சொல்லுவாங்க."

வாசல் தூணில் சாய்ந்து ஜெக்கரியா நின்றார். பஞ்சநதம் எழுந்து, துண்டைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்தார்.

"அன்பார்ந்த வாசகப் பெருமக்களே…! மண்ணிலே பிறந்து, மண்ணையே நம்பி, மண்ணுக்கே போய்விட்டான் மருதையன்! அவன் பிறந்ததே ஒரு வெள்ளத்திலே! கரை உடைத்துக்கொண்டு கொள்ளிடம் பாய்ந்த அன்று, கழுத்தளவு தண்ணீரிலே நின்றுகொண்டு, பெற்ற தாய் அந்தப் பச்சைப் பிள்ளையை… எதிலே வைத்துத் தூக்கிப் பிடித்தாள் தெரியுமா…?"

"முறத்துல!"

பெண்குரல். ஒரத்தநாட்டு செவ்வந்தி டீச்சர்!

பஞ்சநதம் ஒரு கணம் திகைத்தார். உடனே சமாளித்தார்.

"ஆம்! முறத்திலே! தாயுள்ளம் தாயுள்ளத்தை அறியும்! வளர்ந்தான் மருதையன். வானத்திலே ஓர் இடி. பனைமரத்திலே விழுந்த அந்த இடியிலே, அவன் காதொன்று கேட்காமல் போயிற்று. எந்தக் காது…?"

"எடது காது!"

இந்தத் தடவை நாலைந்து வரிசை சேர்ந்து கத்தியது.

பஞ்சநதம் நெற்றியைத் துடைத்தார். இளையபெருமாளைத் திரும்பிப் பார்த்தார். அவரோ தன் மாலையிலிருந்து ஒரு சந்தனச் சுருளைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"க… கட்டிய மனைவியை, நடவு வயலிலே தீண்டியது ஒரு…"

"ரெண்டு தலை நாகம்!"

"…பாம்பு…"

"ரெண்டு தலை, ரெண்டு தலை!" ஒரு கிழவர் நாற்காலியில் ஏறி நின்றே திருத்தினார். "ஒரு தலை கடிச்சுது, இன்னொண்ணு அழுதுது!"

"அன்றிலிருந்து… அவன் இலையிலே…"

"ஒரு பிடி சோறு ஒதுக்கி வைப்பான்!"

மண்டபமே அதிர்ந்தது. பூதமும் வேதாளமும் பாதி மீனும் சேர்ந்து சொன்ன பதில் கூரையில் மோதித் திரும்பியது.

செவ்வந்தி எழுந்து நின்றாள்.

"என்ன தலைவரே இது? செத்துப்போன மனுஷனைப் பத்திப் பேசச் சொன்னா, தேரோட்டி மாகாளன் கதையைச் சொல்றீங்க? அது 'கருங்குதிரைத் தீவு'ல வர்றது சார்!"

பஞ்சநதம் மைக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

போன வருஷம் மழைக்காலத்தில் நடந்த காரியம் அது. இளையபெருமாளுக்குக் காய்ச்சல். அத்தியாயம் அன்றைக்கே சென்னைக்குப் போயாக வேண்டும். வழக்கம்போல் தஞ்சாவூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். ரயில் தபால் பெட்டியை மூடப்போகிறார்கள். தேரோட்டிக்கு ஒரு வாழ்க்கை வேண்டும். புதிதாக யோசிக்க மண்டையில் ஒன்றும் இல்லை. பஞ்சநதத்துக்குச் செய்து கொடுத்த மருதையனை அப்படியே தூக்கித் தேரில் உட்கார வைத்துவிட்டார்! பாம்புக்கு மட்டும் ஒரு தலை கூட.

அச்சில் வந்த பிறகு பயந்தார். பஞ்சநதம் படித்தால் குதிப்பானே என்று.

அந்த வாரமும் போன் வந்தது. 'பிரமாதம்டா!'

பெரிய மனது, கண்டுகொள்ளவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார்…

ஜெக்கரியா மேடையேறி வந்தார்.

"மிராசுதார் ஐயா… இந்த மருதையன் பொறந்தது குடவாசல் பக்கமா, கருங்குதிரைத் தீவா?"

பஞ்சநதம் அவரைப் பார்க்கவில்லை. இளையபெருமாள் மேல் பாய்ந்தார்!

"துரோகி! எனக்குன்னு செஞ்சு குடுத்த ஆளைப் பத்திரிகைக்கும் வித்துட்டியாடா…!"

மைக் ஆனில் இருந்தது.

மண்டபத்தின் எல்லா ஸ்பீக்கர்களும் அதைத் திருப்பிச் சொல்லின.

"நீ படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும் பஞ்சு," என்றார் இளையபெருமாள்.

அத்தனை பேர் முன்னால் அவர் பஞ்சநதத்தை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"பேசாதடா! அய்யாவுப் பயலுக்குக் குடுத்த காபியில உனக்கும் ஒரு டம்ளர் குடுத்திருக்கணும்…!"

பஞ்சநதம் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

ரொம்பத் தாமதம்!

"அய்யாவு," என்று திருப்பிச் சொல்லிப் பார்த்தார் ஜெக்கரியா. "ஆக, செத்தவனுக்கு ஒரு சொந்தப் பேரு இருக்கு. நல்லது. நீங்க மைக்குல அழுதுக்கிட்டிருந்தப்ப உங்க கார்ல இருந்த பிளாஸ்க்கை எடுத்தாச்சு ஐயா. மோந்து பாத்த கான்ஸ்டபிள் இன்னும் தும்மிக்கிட்டிருக்காரு. வாங்க போவோம்."

*

சாயங்கால வெயில். ஜீப்பின் பின்சீட்டில் விலங்கோடு பஞ்சநதம். யாரையும் பார்க்காமல் காவிரிப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார்.

இளையபெருமாள் படித்துறையில் கேட்டதையெல்லாம் சொல்லி முடித்தார். மருதையனைத் தான் உண்டாக்கியதையும் சேர்த்து.

"நானும் வரணும் இல்லையா?"

"வரணும் சார். மோசடிக்கு உடந்தை. தண்டனை கம்மியாத்தான் குடுப்பாங்க. ஆனா குடுப்பாங்க."

யூனுஸ் சமையல்கட்டிலிருந்து வந்தார். கையில் டீ கிளாஸ்.

"சர்க்கரையே போடாம குடுத்தான்யா இந்தக் கான்ஸ்டபிளு! கொலைகாரன்னா கசப்பாத்தான் குடிக்கணுமா?"

"அவரை முதல்லயே விட்டிருக்கலாமே இன்ஸ்பெக்டர்," என்றார் இளையபெருமாள். "ஆனா, மாகாளன் கதை வாசகருங்க சொல்லித்தானே உங்களுக்குத் தெரிஞ்சுது…"

"இல்ல சார்." ஜெக்கரியா தொப்பியைக் கழற்றினார். "காலையில மிராசுதார் அந்த ஒரு பிடி சோத்தைச் சொன்னப்பவே தெரியும். ராத்திரி டியூட்டியில உங்க தொடரை விட்டா எனக்குத் துணை யாரு?"

"அப்ப… அப்பவே அவர் மேல சந்தேகமா?"

"அவர் மேல இல்ல சார். உங்க மேல!"

இளையபெருமாள் விழித்தார்.

"கதை உங்களோடது. பிணம் உங்க மாநாட்டுல. சொல்றவரு உங்க சிநேகிதரு. மூளை நீங்கதான்னு முடிவே பண்ணிட்டேன். பாயை உக்கார வெச்சது உங்களுக்காகத்தான். ஒரு சிநேகிதனைக் காப்பாத்த இன்னொருத்தனை விடறீங்களா, இல்ல, ரெண்டையும் விட்டுட்டு ஊருக்கு பஸ் ஏறுறீங்களான்னு பாத்தேன்."

"ஏறியிருந்தா?"

"பஸ் ஸ்டாண்டுல ஆளு போட்டிருந்தேன் சார்."

யூனுஸ் கிளாஸைக் கீழே வைத்தார். இளையபெருமாளின் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றினார். சிவந்து தடித்திருந்த இடத்தை விரலால் தடவினார்.

"பெருமாளு… அந்த நெலம் இனிமே யாருக்குய்யா?"

"உச்சவரம்புல எடுத்து உழுவறவங்களுக்குக் குடுப்பாங்க பாய்."

"எப்ப?"

"அதை மட்டும் கேக்காதே. அவ்வளவு பெரிய மாயக்கதை எனக்கு எழுத வராது."

அவர் ஜீப்பில் ஏறினார். முன்சீட்டில். ஏனோ உடம்பு லேசாகியிருந்தது. பல வருஷத்துக்குப் பிறகு நன்றாகத் தூக்கம் வரும் போலிருந்தது.

"இன்ஸ்பெக்டர்… ஜெயில்ல எழுதறதுக்குப் பேப்பர் குடுப்பாங்களா?"

"நானே வாங்கித் தரேன் சார். ஆனா ஒரு கண்டிஷன்."

"என்ன?"

ஜெக்கரியா ஜீப்பைக் கிளப்பினார்.

"கடைசியில 'தொடரும்'னு மட்டும் போட்டீங்க… ஜாமீன் கெடைக்க விடமாட்டேன்!"